48 அங்குல இடைவெளிக்குள் எந்த டயர்?

பழைய எம்35 ராணுவ லோரிக்குப் பெரிய டயர் போட வேண்டும் என்று பட்டறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கைப்பேசியில் ஒரு படத்தோடுதான் வருகிறார்கள். அந்தப் படத்தில் லோரி கம்பீரமாக உயர்ந்து நிற்கும். ஆனால் அப்படிப் படமாகும் வண்டிகளில் பல, பின்னச்சு இரண்டில் ஒன்றைக் கழற்றிவிட்டு, சட்டத்தையும் வெட்டிக் குறுக்கி, நான்கு சக்கர வண்டியாக மாற்றப்பட்டவை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மலேசியாவின் பெந்தோங்கில் டுரியான் தோட்டம் வைத்திருக்கும் என் மைத்துனரும் அப்படித்தான் கெப்போங் பட்டறைக்கு வந்தார். அவருடைய வண்டிக்கோ ஆறு சக்கரமும் இயங்கும். பின்னச்சு இரண்டும் அப்படியே இருந்தன. அவருக்காக மூன்று அளவுகளை ஒப்பிட்டுப் பார்த்ததன் விவரம் இது.

அமெரிக்க ராணுவம் 1950 வாக்கில் புழக்கத்துக்குக் கொண்டுவந்த இந்த இரண்டரை டன் வரிசையில், எம்35ஏ2 பிறந்த அளவு 9.00-20 (டயரின் அகலம் 9 அங்குலம், ரிம் 20 அங்குலம்). முன்னால் இரண்டு, பின்னால் இரட்டை இரட்டையாக எட்டு, ஆகப் பத்து டயர்கள். ஒவ்வொன்றின் உயரமும் ஏறக்குறைய 40 முதல் 41 அங்குலம். போட்டியில் நிற்பவை 43 அங்குல உயரமுள்ள 11.00-20, பிற்கால எஃப்எம்டிவி வரிசை ராணுவ லோரிகளில் வந்த 395/85ஆர்20, ஐந்து டன் எம்939ஏ2 வண்டிகளிலிருந்து கழற்றி விற்கப்படும் 14.00ஆர்20 ஆகியவை. இவற்றையும் விஞ்சிய 16.00ஆர்20-ஐப் பற்றிச் சிலர் கேட்பதுண்டு. இந்த லோரிக்கு அது பேச்சுக்கே இடமில்லாதது.

முதலில் அளவுநாடாவை எடுக்க வேண்டிய இடம் பின்னச்சு இரண்டின் நடுவே. எம்35-இல் ஓர் அச்சின் மையத்திலிருந்து மற்றதன் மையத்துக்கு 48 அங்குலம்தான். 395 மில்லிமீட்டர் அகலம், அதில் 85 விழுக்காடு பக்கச்சுவர், 20 அங்குல ரிம் என்று கணக்கிட்டால் 395/85ஆர்20-இன் உயரம் 46.4 அங்குலம் வருகிறது. அதாவது இரு பின்னச்சு டயர்களுக்கும் நடுவில் ஒன்றரை அங்குலம் மட்டுமே மிஞ்சுகிறது. 14.00ஆர்20 ஏறக்குறைய 49 அங்குலம் என்பதால், வண்டி நின்ற நிலையிலேயே டயர்கள் ஒன்றையொன்று முட்டும். அந்த டயருக்கு ஏற்ற அச்சு இடைவெளி ஐந்து டன் வண்டிக்குத்தான் உண்டு. எனவே அச்சுகளைத் தள்ளிவைக்கவோ, ஒன்றைக் கழற்றவோ மனமில்லாதவருக்கு, இந்த ஒப்பீட்டில் 14.00 இங்கேயே விழுந்துவிடுகிறது. விலை மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னாலும் என் முடிவு மாறாது.

மிஞ்சிய இரண்டில் 11.00-20 எளிமையானது. பழைய ரிம்மிலேயே ஏறும். ஆனால் அதைப் பின்னால் இரட்டையாகப் போடக் கூடாது, 9.00-க்காக அமைந்த இடைவெளியில் இந்த அகல டயர்களின் பக்கச்சுவர்கள் சுமை ஏறியதும் ஒன்றோடொன்று உரசிச் சூடேறும். ஆகவே பின்னாலும் ஒற்றையாக, மொத்தம் ஆறு டயர்கள் என்று வைத்துக்கொள்ள வேண்டும். தூக்கும் சுமை குறையும் என்றாலும், தோட்டத்து வேலைக்கு அது ஒரு குறையாகத் தெரியாது. மேலும், செம்மண் பாதையில் இரட்டை டயர்களுக்கு நடுவில் கல் சிக்கி, அது தெரியாமலேயே வீடு வந்து சேர்ந்தவர்களுக்கு ஒற்றை டயரின் அருமை புரியும். மாற்றும்போது கவனிக்க வேண்டியது நட்டு: இரட்டைச் சக்கரத்தில் உள்நட்டும் வெளிநட்டும் தனித்தனி என்பதால், ஒற்றையாக்கும்போது ரிம்மில் நட்டு சரியாக அமர்கிறதா என்று பார்க்க வேண்டும். இடப்பக்கச் சக்கரங்களில் மரை இடஞ்சுழியாக இருக்கும். அதை மறந்து காற்றுத் துப்பாக்கியை வழக்கமான திசையில் அழுத்திய ஒரு பையன், என் கண்ணெதிரே இரண்டு ஸ்டட்டுகளை முறித்தான்.

395 டயர் சேற்றில் சிறந்தது; மறுக்க முடியாது. அகலமும், காற்றைக் குறைத்து ஓட்டும்போது தரையில் பரவும் தன்மையும் 11.00-க்குக் கிடையாது. ஆனால் அதற்கு அகலமான வேறு ரிம் வேண்டும். பிற்கால எம்35ஏ3-இல் அகலமான ஒற்றை டயரோடு பவர் ஸ்டீயரிங்கும் சேர்ந்தே வந்தது என்பதை விற்பவர்கள் சொல்லமாட்டார்கள்; சாதாரண ஸ்டீயரிங் உள்ள வண்டியில் 395-ஐப் போட்டால், நின்ற இடத்தில் திருப்புவதற்குத் தோள்வலிமை போதாது. முன்சக்கரத்தை இருபுறமும் முழுவதுமாகத் திருப்பி, ஸ்பிரிங்கிலோ ஸ்டீயரிங் கம்பியிலோ டயர் உரசுகிறதா என்று பார்த்து, திருப்ப எல்லையைக் குறைத்து அமைக்க வேண்டும். பின்சக்கரம் ஒன்றை ஜாக்கி வைத்து உயர்த்தி, அச்சு சாயும்போது அந்த ஒன்றரை அங்குலம் எவ்வளவாகச் சுருங்குகிறது என்றும் பார்க்க வேண்டும்.

பிரேக்கைப் பற்றிப் பேசாமல் இந்த ஒப்பீடு நேர்மையாகாது. டயரின் உயரம் 6 விழுக்காடு கூடினால் (11.00) அதே பிரேக் தரையில் தரும் பிடியும் ஏறக்குறைய அதே அளவு குறையும், 395-இல் உயரம் 15 விழுக்காடு கூடுவதால் பிடி எட்டில் ஒரு பங்கு போய்விடும். எம்35ஏ2-இன் டிரம் பிரேக், காற்றின் உதவியோடு எண்ணெய் அழுத்தத்தில் இயங்குவது. பெரும்பாலான வண்டிகளில் எண்ணெய்ப் பாதை ஒன்றே ஒன்று என்பதால், ஒரு குழாய் கிழிந்தால் ஆறு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை. பெந்தோங்கிலிருந்து காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா தாண்டிக் கோம்பாக் நோக்கி இறங்கும் நீண்ட இறக்கத்தை நினைத்துப் பார்த்தால், டயருக்கு முன்பாகப் பிரேக் எண்ணெய்ப் பாதையை இரண்டாகப் பிரிக்கும் வேலைக்குப் பணம் ஒதுக்குவதே முறை என்பேன். பொதுச்சாலையில் ஓட்டும் வண்டியானால், அமைப்பை மாற்றுவதற்கு முன் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியையும் பெற வேண்டும்.

ராணுவக் கழிவில் வரும் டயர்களின் பூ (தரையில் படும் பள்ளமேடு) புதிதுபோல் தெரியும். வயதைத்தான் பார்க்க வேண்டும். பக்கச்சுவரில் 2214 என்றிருந்தால் அது 2014-இன் 22ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. அங்கே ஜி என்ற எழுத்து இருந்தால் மணிக்கு 90 கிலோமீட்டர், ஜே என்றால் 100 எல்லை.

ரிம் விஷயத்தில் அலட்சியம் ஆளைக் கொல்லும். லாக் ரிங் (டயரை ரிம்மில் பிடித்துவைக்கும் இரும்பு வளையம்) வைத்த ரிம்மில் 80 பி.எஸ்.ஐ காற்று ஏறும்போது பக்கவாட்டில் தள்ளும் விசை ஏறக்குறைய 11 டன். வால்வு ஊசியைக் கழற்றிக் காற்று முழுவதும் வெளியேறிய பிறகே ரிங்கையோ, இரு பாதி ரிம்களை இணைக்கும் போல்ட்டுகளையோ தொட வேண்டும். காற்றடிப்பது இரும்புக் கூண்டுக்குள், நீண்ட குழாயோடு, எதிரே நிற்காமல். ஒரு டயர் கடையின் துத்தநாகக் கூரையில், சுத்தியலால் தட்டிச் சரிசெய்யப்போன ரிங் பறந்து மோதிய வளைந்த தழும்பைப் பார்த்திருக்கிறேன். தட்டியவர் குனிந்திருந்ததால் தப்பினார்.

மைத்துனர் கடைசியில் 11.00-ஐ எடுத்துக்கொண்டார். 395 கேட்ட ரிம், பவர் ஸ்டீயரிங் செலவைக் கூட்டிப் பார்த்தபோது அவர் முகம் போன போக்கைச் சொல்ல வேண்டியதில்லை. மிச்சமான பணத்தில் பிரேக் பாதை இரண்டாகப் பிரிக்கப்பட்டது. வேகமானி 60 காட்டும்போது வண்டி 64-இல் ஓடும் என்பதால், டேஷ்போர்டில் ‘60 = 64’ என்று சாக்பீஸால் எழுதி அனுப்பினேன்.