கம்பஸ் ஹோலுக்குள் கூப்பிட்டு 48,500 ரூபா வாங்கினார்கள்: பெற்றோர் கவனம்

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பெற்றோர் வாட்ஸ்அப் குறூப்புகளில் நேற்று இரவிலிருந்து ஒரு போஸ்டர் சுற்றுகிறது. டிசம்பர் லீவுக்குப் "பல்கலைக்கழக வளாகத்தில்" ரோபோட்டிக்ஸ், ஏ.ஐ. பயிற்சிப் பட்டறையாம். கீழே ஒரு வங்கிக் கணக்கு இலக்கம். ஆகஸ்ட் லீவுக்கு நான் 48,500 ரூபா போட்டதும் அதே கணக்குக்குத்தான். ஒரு சதம் திரும்பி வரவில்லை. போஸ்டரை எனக்கு அனுப்பி "அக்கா, இது நல்லதோ?" என்று கேட்ட ஒரு தங்கச்சிக்குப் பதில் எழுதத் தொடங்கினேன். அது நீண்டுகொண்டே போனதால் எல்லாருக்கும் பொதுவாகவே போடுகிறேன். கோபத்தில் எழுதுவதால் எழுத்துப்பிழை இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

பெயர் போடவில்லை. முறைப்பாடு கொடுக்கப் போகிற நேரத்தில் பெயர் போடாதே என்று தெரிந்த சட்டத்தரணி ஒருவர் சொல்லிவிட்டார். ஆள் வகையை மட்டும் சொல்கிறேன். லீவு காலத்தில் பிள்ளைகளுக்கு "சமர் கேம்ப்" நடத்துகிற ஒரு தனியார் கல்வி நிறுவனம். அதற்கு ரிக்கற் விற்றது, இசை நிகழ்ச்சிக்கும் நாடகத்துக்கும் ரிக்கற் விற்கிற ஒரு இணையத்தளம். நடந்த இடம் கொழும்பில் உள்ள ஒரு பல்கலைக்கழகம். அதையும் பெயர் சொல்லாமல் விடுகிறேன்.

மகள் பத்தாம் வகுப்பு. கம்பியூட்டர் என்றால் உயிர். ஆகஸ்ட் லீவில் போனைப் பார்த்துக்கொண்டு கிடக்காமல் ஏதாவது படிக்கட்டும் என்றுதான் தேடினேன். போஸ்டரில் இருந்தது இவ்வளவும்: இரண்டு கிழமை, பல்கலைக்கழக விரிவுரையாளர்கள், கம்பஸ் ஆய்வுகூடம், மத்தியானச் சாப்பாடு, பிள்ளைக்கு ஒரு ரோபோ கிட் வீட்டுக்கே கொண்டுபோக, முடிவில் சான்றிதழ். முழுக் கட்டணம் 62,000. வெள்ளிக்கிழமைக்கு முன் கட்டினால் 48,500.

நம்பிக்கை போஸ்டரைப் பார்த்து வரவில்லை. போஸ்டர் யாரும் அடிக்கலாம். பெற்றோருக்கு அறிமுகக் கூட்டம் என்று ஒரு சனிக்கிழமை கம்பஸுக்குள்ளேயே கூப்பிட்டார்கள். கேற்றில் செக்கியூரிட்டி பெயர் கேட்டு, கையிலிருந்த பட்டியலைப் பார்த்து, "அந்தப் பக்கம் ஹோலுக்குப் போங்க" என்று வழி காட்டினார். நடக்கிற வழியில் மரநிழல், நோட்டீஸ் போர்ட், கன்டீன் வாசலில் கூடி நின்று கதைக்கிற மாணவர்கள். மகளின் முகத்தைப் பார்த்தேன். தான் ஏற்கெனவே இங்கே எடுபட்டுவிட்டது போல நடந்து வந்தாள். இந்த நாட்டில் கம்பஸ் கிடைக்கிறதென்றால் என்னவென்று தமிழ்ப் பெற்றோருக்கு நான் சொல்லத் தேவையில்லை. பல்கலைக்கழக அனுமதிக்கு இஸட் ஸ்கோர், மாவட்டக் கோட்டா என்று வீட்டில் எத்தனை வருசம் அதே கதை. அந்தக் கேற்றுக்குள் பிள்ளையோடு நடந்து போகும்போது மனம் இளகாதவர் யார்? அவர்கள் விற்றது அந்த நடையைத்தான்.

ஹோலில் மேடை, புரொஜெக்டர், கழுத்தில் அடையாள அட்டை தொங்கப் போட்ட பெடியன்கள். பேச்செல்லாம் சிங்களத்திலும் இங்கிலீசிலும். முடிந்ததும் ஒருங்கிணைப்பாளர் என்று ஒரு தம்பி நேரே எங்களிடம் வந்தார். தமிழ்.

"அக்கா, ஊர் எது?"

"அம்மாவின்ர பக்கம் கரவெட்டி."

"ஐயோ, எங்கட அம்மம்மா வதிரி! அப்ப நாங்கள் அயல்தானே."

அதற்குப் பிறகு எனக்கு என்ன கேள்வி வரும்? "பயப்பிடாதேங்கோ அக்கா, பிள்ளையை என்ர தங்கச்சி மாதிரிப் பார்த்துக்கொள்ளுவன். காலமை வந்து விடுங்கோ, பின்னேரம் வந்து கூட்டிக்கொண்டு போங்கோ, மிச்சம் எங்கட பொறுப்பு" என்றார். சான்றிதழைப் பற்றிக் கேட்டேன். "எஸ்.எல்.கியூ.எஃப். மூன்றாம் மட்டம் அக்கா, பிறகு வெளிநாட்டுக்கு அப்ளை பண்ணவும் உதவும்" என்று கண் சிமிட்டாமல் சொன்னார்.

இப்போது வாசித்துப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன். தம்பி சொன்ன எஸ்.எல்.கியூ.எஃப். என்பது இலங்கைத் தகைமைச் சட்டகம். அதில் மூன்றாம் மட்டத்துக்குக் குறைந்தது 30 திறமைப்புள்ளி (கிரெடிட்) வேண்டும். ஒரு புள்ளிக்கு 50 மணித்தியாலக் கற்றல். ஆக 1,500 மணித்தியாலம். இரண்டு கிழமையில் பிள்ளை நித்திரை கொள்ளாமல், சாப்பிடாமல் இருந்து படித்தாலும் மொத்தமே 336 மணித்தியாலம்தான். அதோடு அந்த மட்டம் ஏ.எல்.லுக்கு (உயர்தரத்துக்கு) மேலே இருப்பது. ஓ.எல். (சாதாரணதரம்) கூட எழுதாத பிள்ளைக்கு அதைத் தரப்போகிறாராம் அந்தத் தம்பி!

கட்டணம் ரிக்கற் தளத்தில் கார்டால் கட்டலாம் என்று இருந்தது. அதைக் கட்டப் போன நேரத்தில் தம்பியிடமிருந்து மெசேஜ்: "அக்கா, கார்டில போட்டா மூன்று வீதம் கூட வரும். நேரே எங்கட அக்கவுண்டுக்குப் போட்டுட்டு ஸ்லிப்பை அனுப்புங்கோ, ரிக்கற்றை நான் சிஸ்டத்தில போட்டு விடுறன்." கார்டுக்கு மேலதிகமாக வாடிக்கையாளரிடம் அறவிடக் கூடாது என்று மத்திய வங்கியே சொல்லியிருக்கிறது. அது அந்த நேரம் யாருக்குத் தெரியும்? சீட்டு எடுத்த காசில் 48,500 ரூபா போட்டேன். ரிக்கற்றும் உடனேயே மின்னஞ்சலில் வந்தது. அந்த உடனேயில்தான் இன்னும் நம்பினோம்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், விரிவாகச் சொல்ல வயிறு எரிகிறது. ஆய்வுகூடம் இல்லை, அதே ஹோல்தான். விரிவுரையாளர் இல்லை, போன வருசம் ஏதோ ஒரு டிப்ளோமா முடித்த பெடியன். ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு ரோபோ கிட். ஆர்டுயினோ என்கிற சின்னக் கம்பியூட்டர் போர்ட்டின் நகல் ஒன்று, இரண்டு மோட்டார், தூரம் அளக்கிற சென்சர் ஒன்று. ஆர்டுயினோ திறந்த வன்பொருள், யாரும் நகல் செய்து விற்கலாம். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாஸாவில் கேட்டால் எடுத்துத் தருகிற சாமான்தான். அதைக்கூடப் பின்னேரம் எண்ணிப் பார்த்துத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். "புரோகிராமிங்" என்று காட்டினது ஸ்கிராட்ச். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் பிள்ளைகள் புரோகிராமிங் பழக 2007இல் வெளியிட்ட இலவச மென்பொருள் அது. மகள் அதை ஏழாம் வகுப்பிலேயே தானாகப் பழகியிருந்தாள். ஏ.ஐ. வகுப்பில் அந்தப் பெடியன் சாட்ஜிபிடியைத் திறந்து "ரோபோ பற்றி ஒரு கவிதை எழுது" என்று கேட்டுத் திரையில் காட்டினாராம். சாப்பாடு நல்லது என்றாள் பிள்ளை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

சில நாள்தான் கம்பஸ். பிறகு காலையில் மெசேஜ் வருகிறது, "இன்று முதல் இடம் மாற்றம்". காலி வீதியில் ஒரு கடைக்கு மேல்மாடி, டியூசன் வகுப்பு நடக்கிற அறை. ஃபேன் ஒன்று. பிறகு அதுவும் இல்லை, "மிகுதி வகுப்புகள் சூமில்". பிறகு சூமும் இல்லை.

இனிமேல்தான் கதை. தம்பிக்குக் கோல் எடுத்தேன். "மீட்டிங்கில நிக்கிறன் அக்கா, எடுக்கிறன்." எடுக்கவில்லை. அடுத்தது, "அக்கவுண்ட்ஸ் மிஸ் லீவு அக்கா." அடுத்தது, "நிக்கினிப் போயா வருதே அக்கா, பாங்க் எல்லாம் பூட்டு." போயா, பௌர்ணமி லீவு, ஒரு நாள்தானே! பிறகு "ஏழு வேலை நாளில வரும்". ஏழு வேலை நாள் முடிந்து கேட்டபோது வந்த பதிலில் அக்காவும் இல்லை, தமிழும் இல்லை. "டியர் கஸ்டமர்" என்று தொடங்கி முழுக்க இங்கிலீசில், ரிக்கற்றின் அடியில் உள்ள நிபந்தனைகளைப் பார்க்கவும் என்று. பார்த்தேன். சின்ன எழுத்தில் இருக்கிறது: இடமும் திகதியும் வளவாளர்களும் முன்னறிவித்தலின்றி மாறலாம், கட்டணம் எக்காரணம் கொண்டும் மீளளிக்கப்படமாட்டாது. வதிரி அம்மம்மாவின் பேரன் எங்கே போனார் தெரியாது. பிறகு வாட்ஸ்அப்பில் நீல ரிக் மட்டும் விழும், பதில் விழாது. இப்போது அதுவும் இல்லை, ஒரு ரிக்தான்.

ரிக்கற் தளத்துக்கு எழுதினேன். "நாங்கள் நிகழ்ச்சி நடத்துபவர்கள் அல்ல, ரிக்கற் வழங்கும் தளம் மாத்திரமே. உங்கள் கொடுப்பனவு எங்கள் ஊடாக நடைபெறவில்லை." சரியாகத்தான் சொல்கிறார்கள், நேரே அக்கவுண்டுக்குப் போடவைத்தது இதற்குத்தானே! ஆனால் அந்த நிகழ்ச்சியைத் தங்கள் முதல் பக்கத்தில் படம் போட்டு வைத்திருந்தவர்களும் இவர்கள்தான். வங்கியில் கேட்டேன். கணக்குக்காரர் சம்மதிக்காமல் அல்லது நீதிமன்றக் கட்டளை இல்லாமல் காசைத் திருப்பி எடுக்க முடியாது என்றார்கள்.

பல்கலைக்கழகத்துக்கு நேரே போனேன். அதே கேற், அதே செக்கியூரிட்டி. இந்த முறை பட்டியலில் பெயர் இல்லாததால் வெளியே நிற்க வைத்தார். ஒரு மாதிரி உள்ளே போய் நிர்வாகத்தில் விசாரித்தால், ஒரு அலுவலர் ஃபைலைப் புரட்டிப் பார்த்துச் சொன்னார்: "அது எங்கட கோர்ஸ் இல்லை மிஸ். அவங்க ஹோலை வாடகைக்கு எடுத்தாங்க, வாடகை கட்டினாங்க. உள்ளுக்கு என்ன நடக்குது என்றது எங்களுக்குத் தெரியாது." கம்பஸ் மண்டபங்கள் வெளியாருக்கு வாடகைக்குப் போகும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான், புத்தக வெளியீடுகூட நடக்கிறது. ஆனால் "பல்கலைக்கழகப் பயிற்சிப் பட்டறை" என்று பெரிதாகப் பதாகை கட்டி வைத்ததை ஒருவரும் பார்க்கவில்லையா? கேட்டேன். "எழுத்தில தாங்க, மேல அனுப்புறோம்" என்றார். கொடுத்திருக்கிறேன். மேலே எங்கே என்று தெரியாது.

பொலிஸில், "ரிக்கற் இருக்கு, சில நாள் வகுப்பும் நடந்திருக்கு, இது சிவில் பிரச்சினை" என்றார்கள். அதாவது ஒன்றுமே நடத்தாமல் ஓடியிருந்தால்தான் மோசடி. கொஞ்சம் நடத்திவிட்டு ஓடினால் வியாபாரம்.

48,500 ரூபா. சில பேருக்கு இது பெரிய காசில்லை என்று தெரியும். எங்கள் வீட்டில் அது மகளுடைய பல மாத டியூசன் காசு. இவர் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் எரிச்சல். பிள்ளை, "விடுங்கம்மா, எனக்கு அது எல்லாம் தெரியும்தானே" என்கிறாள்.

என்ன செய்யலாம் என்று வரிசையாக எழுதத்தான் நினைத்தேன். சமைக்க வேண்டும், நேரமில்லை. முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

கம்பஸுக்குள் நடக்கிறது என்பதும் கம்பஸ் நடத்துகிறது என்பதும் வேறு வேறு. உண்மையான பல்கலைக்கழகக் குறுங்கால வகுப்பென்றால் காசு பல்கலைக்கழகத்தின் பெயரிலுள்ள கணக்குக்குப் போகும் அல்லது சிறாப்பரிடம் (காசாளரிடம்) கட்டி ரசீது வாங்குவீர்கள். கம்பனிப் பெயரிலோ ஆள் பெயரிலோ கணக்குத் தந்தால் அந்தப் பீடத்துக்கு நீங்களே கோல் எடுத்துக் கேளுங்கோ, போஸ்டரில் உள்ள நம்பருக்கு இல்லை. கம்பனி பதிவு உள்ளதா என்று கம்பனிப் பதிவாளரின் இணையத்தளத்தில் பெயர் போட்டுத் தேடலாம். கார்டால் கட்டுங்கோ, பிறகு வங்கியோடு வழக்காடவாவது ஒரு வழி இருக்கும்.

ஏற்கெனவே கட்டி ஏமாந்தவர்கள்: பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை, தொலைபேசி இலக்கம் 1977. சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், பிந்தினால் எடுக்க மாட்டார்கள். அலுவலகம் கொழும்பு 2, வொக்ஸ்ஹோல் வீதி. ஸ்லிப், ரிக்கற், வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷொட் ஒன்றையும் அழிக்காதேங்கோ. போஸ்டரையும் எடுத்து வையுங்கோ, அவர்கள் பக்கத்திலிருந்து தூக்கிவிடுகிறார்கள், ஆகஸ்ட் போஸ்டர் இப்போது இல்லை.

நான் வருகிற செவ்வாய்க்கிழமை வொக்ஸ்ஹோல் வீதிக்குப் போகிறேன். ஆகஸ்டில் அதே ஹோலில் இருந்த பெற்றோர் யாராவது இதைப் பார்த்தால் உங்கள் ஸ்லிப்போடு எனக்கு எழுதுங்கோ, சேர்ந்து கொடுப்போம்.