தேக்கில் வளைவு எடுக்க ரம்பமா, ரவுட்டரா?

பூஜை அலமாரிக்கு மேலே ஒரு கார்னிஸ், அதாவது மேல்விளிம்பு அலங்காரப் பட்டை, வேண்டும் என்று வீட்டில் கேட்டார்கள். இரண்டு அங்குல அகலம், நாலு நூல் (அரை அங்குலம்) ஆழம், உள்வாங்கிய வளைவு, தேக்கு. கடைக்காரரிடம் அந்த அளவுக்கு ரவுட்டர் பிட் (வேகமாகச் சுழன்று மரத்தைச் செதுக்கும் கைமெஷினில் மாட்டும் வெட்டுமுனை) இல்லை. இருந்ததில் பெரியதற்கு 12 மி.மீ. தண்டு. என் சின்ன ரவுட்டரில் 6 மி.மீ. தண்டுதான் பொருந்தும். வேறு வழியில்லாமல், மேசை நடுவில் வட்ட பிளேடு எட்டிப் பார்க்கும் 10 அங்குல மேசை ரம்பத்தில் எடுத்தேன். இப்போது வழி இருந்தாலும் அதில்தான் எடுப்பேன்.

ரவுட்டருக்கு உரியதை முதலில் கொடுத்துவிடலாம். விளிம்பு உருட்ட, வட்ட மேசையின் ஓரத்தில் பீடிங் (அலங்கார விளிம்பு வரி) ஓட்ட, பலகையின் நடுவில் தொடங்கி நடுவிலேயே முடியும் காடி (நீளப் பள்ளம்) போட ரவுட்டர்தான். ரம்பம் அதற்கெல்லாம் ஆகாது. சத்தமும் தூசியும் இரண்டிலும் உண்டு.

ரம்பத்தில் பலகையை பிளேடுக்கு நேராக ஓட்டாமல், மேசையில் படுத்தபடியே பிளேடுக்குக் கோணலாகச் சாய்த்து ஓட்ட வேண்டும். அப்போது வட்ட பிளேடின் மேல்பகுதி பலகையின் அடியைக் குடைந்து வளைவாக்கும். இரண்டு பக்கமும் நேரான கட்டை வைத்து கிளாம்ப் போட்டால் ஒரு வாய்க்கால் மாதிரி ஆகிவிடும். பலகை அதற்குள் போகும். சாய்வுதான் அகலத்தைத் தீர்மானிக்கிறது. என் அளவுக்கு ஏறக்குறைய 27 டிகிரி வந்தது. ஒரு தடவைக்கு அரை நூல் மட்டுமே பிளேடை உயர்த்த வேண்டும், கடைசித் தடவை அதற்கும் குறைவாக. பக்கத்துப் பட்டறை ஆசாரி எட்டிப் பார்த்து, "என்ன சார், பலகை கோணலா போவுதே!" என்றார். வெட்டி முடித்ததும் வளைவில் விரலை ஓட்டிப் பார்த்தவர் அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. கணக்குப்படி அது வட்டத்தின் வில் கூட இல்லை, நீள்வட்டத்தின் துண்டு. கண்ணுக்கு அதுதான் பாந்தமாக இருக்கிறது.

என்னை ரம்பத்தின் பக்கம் தள்ளியது கூர்தான். தேக்குக்குள் சிலிக்கா, அதாவது மணலில் இருக்கும் அதே பொருள், இருக்கிறது. எஃகைவிடக் கடினமான கார்பைடு முனையையும் தின்றுவிடும். ரவுட்டர் பிட்டில் பெரும்பாலும் இரண்டே வெட்டு விளிம்பு. நிமிடத்துக்கு 20,000 சுற்று என்றால் ஒவ்வொரு விளிம்பும் மரத்தில் 20,000 தடவை மோதுகிறது. ரம்பம் 4,500 சுற்று, 40 பல். ஒவ்வொரு பல்லுக்கும் 4,500 மோதல்தான். பிட் மழுங்கியதும் வெட்டுவதை விட்டுவிட்டுத் தேய்க்க ஆரம்பிக்கும். கை ஒரு நொடி நின்றால் போதும், அந்த இடத்தில் கருப்புத் தீய்ச்சல். வளைவுக்குள் விழுந்த கருப்பைத் தேய்த்தெடுப்பதற்குள் உயிர் போய்விடும். பிளேடு மழுங்கினால் சாணைக் கடையில் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். பல் கொஞ்சம் தேய்ந்தாலும் வளைவு கெடாது, ஏனென்றால் வடிவம் பல்லில் இல்லை, சாய்விலும் உயரத்திலும் இருக்கிறது. பிட்டின் தட்டையான முகத்தை வைரக்கல்லில் இரண்டு இழுப்பு இழுக்கலாம். வடிவ விளிம்பில் நாம் கை வைக்க முடியாது, வைத்தால் வடிவமே போச்சு. போதாததற்கு அளவுக்கு ஒரு பிட் வேறு வாங்க வேண்டும்.

ரம்பத்தின் குறையையும் மறைக்கவில்லை. வளைவு முழுக்கப் பல் தடம் விலா எலும்பு மாதிரி நிற்கும். பழைய கைரம்பத்தின் தகட்டை வளைவாகத் தேய்த்து அதனால் சுரண்டினேன், பிறகு 80, 120, 180 உப்புத்தாள். ஆறடிப் பட்டைக்கு ஒரு மதியம் முழுக்கப் போனது. நல்ல பிட்டாக இருந்தால் இதில் பாதி நேரம் மிச்சம். நான் ஓட்டியது தேக்கும் வேம்பும்தான். கருங்காலி போன்ற கடின மரத்துக்கு என் பேச்சை நம்பி இறங்க வேண்டாம்.

இன்னொன்று: இந்த வெட்டுக்கு பிளேடு மூடியைக் கழற்றியாக வேண்டும். பல் பலகைக்கு அடியில் மறைந்திருப்பதால் பயம் விட்டுப்போகும், அதுதான் ஆபத்து. தள்ளுகட்டை இல்லாமல் தொடாதீர்கள். ஓரடித் துண்டுதான் வேண்டும் என்றாலும் நீளப் பலகையில் வளைவு எடுத்துவிட்டு அப்புறம் அறுத்துக்கொள்ளுங்கள்.