ஏரிகளுக்கு நடுவே ஏறி இறங்கும் சாலைகளில் ஒரு ரோடு பைக்: நீண்ட நாள் அனுபவம்

ரோடு பைக் பற்றிய அனுபவக் கட்டுரைகளில் பாதி, வண்டி வாங்கிய முதல் மாதத்திலேயே எழுதப்பட்டவை. செயின் புதிது, கேபிள் புதிது, ஓட்டுபவரின் உற்சாகமும் புதிது. அப்போது எந்த வண்டியும் நன்றாகத்தான் ஓடும். நான் இங்கே எழுதுவது செயின், டயர், பிரேக் பேடு எல்லாம் பலமுறை மாறிவிட்ட ஒரு வண்டியைப் பற்றி. அலுமினியச் சட்டம், கார்பன் ஃபோர்க், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், முன்னால், மிதியோடு சுழலும் பற்சக்கரங்கள் (செயின்ரிங்) இரண்டு, பெரியதில் 50 பல், சின்னதில் 34. எடை 9 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. ஓடுவது பெரும்பாலும் ஏரிகளைச் சுற்றியும், ஓர் ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்குக் குன்றுகளைத் தாண்டியும் போகும் குறுகலான கிராமத்துச் சாலைகளில். பிராண்டைச் சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. இந்த விலை, இந்த வகையில் எல்லாக் கம்பெனி வண்டியும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் வருவது அதில் என்ன கேசட் (பின்சக்கரத்துப் பற்சக்கர அடுக்கு), என்ன டயர் போடுகிறோம் என்பதில்.

முதலில் நிலத்தைப் பற்றி. ஏரிகள் நிறைந்த மேடுபள்ள நாட்டுப்புறம் பல இடங்களில் பனிப்பாறைகள் செய்த வேலை. பின்லாந்தின் ஏரிப் பகுதி, இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள ஏரி மாவட்டம் இரண்டுமே அப்படி உருவானவை. நகர்ந்த பனி சில இடங்களில் பள்ளம் தோண்டியது, சில இடங்களில் மண்ணையும் கல்லையும் குவித்துவிட்டுப் போனது. பள்ளத்தில் தண்ணீர் நின்றது, குவியல் குன்றானது. சைக்கிள்காரனுக்கு இதன் பொருள் ஒன்றுதான்: நீண்ட ஒற்றை ஏற்றம் அபூர்வம், 20, 30 மீட்டர் உயரமுள்ள குட்டி மேடுகள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். தனியாகப் பார்த்தால் ஒன்றும் பெரிதில்லை. ஆனால் 30 மீட்டர் மேடு முப்பது ஏறினால் 900 மீட்டர். மலைச் சாலையில் ஒரே தாளத்தில் மிதித்து ஏறலாம். இங்கே தாளமே கிடைக்காது. இரண்டு நிமிடம் மூச்சு வாங்கும், அரை நிமிடம் பறக்கும், மறுபடி முதலிலிருந்து.

அதனால் இந்தச் சாலைகளுக்கு ஒரு வண்டி சரியா இல்லையா என்பது இறக்கத்தின் அடியில், அடுத்த ஏற்றம் தொடங்கும் அந்தச் சில வினாடிகளில் தெரிந்துவிடும். அங்கே கியர் சத்தமில்லாமல் மாறுகிறதா, டயர் மணலைத் தாங்குகிறதா, பிரேக் நம்பும்படி இருக்கிறதா? மற்றதெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம்.

வண்டியோடு வந்த கேசட் 11-28, அதாவது மிகச் சின்னப் பற்சக்கரத்தில் 11 பல், மிகப் பெரியதில் 28. சமவெளியில் அது அருமை, அடுத்தடுத்த கியர்கள் நெருக்கமாக இருக்கும். மேட்டில் கணக்கு வேறு. ஆளும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 10 சதவீதச் சாய்வில் மணிக்கு 7.5 கிலோமீட்டர் வேகத்தில் ஏற 180 வாட்டுக்குச் சற்று மேல் வேண்டும். அதையே மணிக்கு 10 கிலோமீட்டராக்கினால் 245 வாட்டை நெருங்கும். பொழுதுபோக்காக ஓட்டுகிற பலருக்கு முதல் எண் கைக்கு எட்டும், இரண்டாவது அடிக்கடி எட்டாது. அந்த 7.5 கிலோமீட்டர் வேகத்தில் 34/28 கியரில் (முன்னால் 34 பல், பின்னால் 28) நிமிடத்துக்கு 50 சுற்றுக்கும் கீழே மிதிக்க வேண்டியிருக்கும். மிதிப்பது என்பதைவிட அழுத்துவது என்றே சொல்லலாம். ஒரு மேட்டுக்குப் பரவாயில்லை, இருபதாவது மேட்டில் முழங்கால் பேச ஆரம்பித்துவிடும். 11-34க்கு மாறியபின் அதே வேகத்தில் 60 சுற்றை ஒட்டி வருகிறது. இந்த வண்டியில் நான் செய்த மாற்றங்களில் மிகப் பெரிய பலன் தந்தது இதுதான். பின் டீரெயிலரின் (செயினை ஒரு பற்சக்கரத்திலிருந்து அடுத்ததுக்கு நகர்த்தும் கருவி) கூண்டு நீளமானதாக இருந்தால்தான் 34 பல் ஏற்கும், செயினும் கொஞ்சம் நீளமாக வேண்டும். அதைப் பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

இழப்பு இல்லாமல் இல்லை. எனது 11 வேக (11 பற்சக்கர) 11-34 கேசட்டில் 12 பல், 14 பல் சக்கரங்கள் கிடையாது. பின்காற்றோடு ஏரிக்கரைச் சமதளத்தில் 40 கிலோமீட்டரைத் தொட்டு ஓடும்போது 13 கனம், 15 இலேசு. நடுவில் ஒன்று இருந்தால் நன்றாக இருக்கும் என்று ஒவ்வொரு தடவையும் தோன்றும். அது எவ்வளவு நேரம் நீடிக்கும்? சில நிமிடம். பிறகு அடுத்த மேடு வந்துவிடும், 14 பல்லை யாரும் நினைக்கப் போவதில்லை. ஆனால் 34 பல்லும் எல்லாவற்றுக்கும் மருந்து இல்லை. இங்கிலாந்து ஏரி மாவட்டத்து ஹார்ட்நாட் கணவாய் போல 30 சதவீதத்தைத் தொடும் சாலைகள் உண்டு. அதற்கெல்லாம் முன்னால் 46/30 போன்ற இன்னும் சின்ன ஜோடிதான் நியாயம்.

இறக்கத்தில் கிடைக்கும் வேகத்தை வைத்தே அடுத்த மேட்டை ஏறிவிடலாம் என்று நிறையப் பேர் சொல்வார்கள். பாதி உண்மை. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும் வண்டிக்கு, காற்றுத் தடையே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், அந்த வேகம் சுமார் 10 மீட்டர் உயரத்துக்குத்தான் காணும். 40 கிலோமீட்டர் என்றால் ஆறு மீட்டர் சொச்சம். 30 மீட்டர் மேட்டில் மீதி முழுக்கக் காலின் கணக்கு. ஆகவே நான் செய்வது இப்படி: மேட்டின் உச்சியில் ஓய்வெடுப்பதில்லை. உச்சி தாண்டி வேகம் பிடிக்கும்வரை இன்னும் பத்துப் பதினைந்து வினாடி மிதிக்கிறேன். வேகம் கூடியபின் மிதித்தால் பெரும்பகுதி காற்றோடு போய்விடும், ஏனென்றால் காற்றை எதிர்க்கத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். ஓய்வு அங்கே, இறக்கத்தின் நடுவில்.

இறக்கத்தின் அடியில் கியர் மாற்றுவது தனிக் கலை. ஏற்றம் காலில் தெரிந்தபின் 50லிருந்து 34க்குத் தட்டினால், அழுத்தத்தில் இருக்கும் செயின் முனகும், சில நேரம் உள்பக்கம் விழுந்தும்விடும். பள்ளம் வருமுன்பே, கால் இலேசாக இருக்கையில் முன்னால் இறக்கிவிட்டு, அதே மூச்சில் பின்னால் இரண்டு மூன்று கியர் கனமாக்கிக்கொள்வது பழகிவிட்டது. சட்டத்தில் ஒரு செயின் கேட்சரும் மாட்டியிருக்கிறேன். விரல் நீளம்கூட இல்லாத சின்ன உலோகத் துண்டு. அதற்குப் பிறகு செயின் விழவே இல்லை.

இப்படி மாற்றிக்கொண்டே ஓட்டினால் செயின் சீக்கிரம் தேயும். மழையும் மணலும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். செயினில் 12 அங்குல நீளத்துக்கு 24 கண்ணி. அந்த நீளம் அரை சதவீதம், அதாவது ஒன்றரை மில்லிமீட்டர், கூடிவிட்டால் மாற்றிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் கேசட்டையும் தின்றுவிடும், கேசட் செயினைவிட விலை. எண்ணெயை விட்டு மெழுகுக்கு மாறியதில் செயின் சுத்தமாக இருக்கிறது. ஆனால் நல்ல மழையில் நனைந்தால் மெழுகு நிற்காது, வீடு திரும்பியதும் துடைத்து மறுபடி போட வேண்டும். சோம்பேறிகளுக்கு எண்ணெயே மேல்.

டயர் விஷயத்தில் என் கருத்து உறுதியானது. 25 மில்லிமீட்டரில் தொடங்கி, 28க்குப் போய், இப்போது 32 டியூப்லெஸ் (உள்ளே டியூப் இல்லாத டயர்). 25ல் 90 பிஎஸ்ஐக்கு மேல் அடித்து ஓட்டியபோது கரடுமுரடான தார் உள்ளங்கையில் தெரியும். 32ல் 55 முதல் 60. வேகம் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை. மேடுபள்ளச் சாலைகளில் மழைத் தண்ணீர் மணலையும் சரளையையும் அடித்துக்கொண்டு வந்து சேர்க்கும் இடம் பள்ளத்தின் அடி. நாம் மிக வேகமாக இருக்கும் இடமும் அதுவே, பெரும்பாலும் அங்கே ஒரு வளைவோ குறுகிய பாலமோ இருக்கும். அகலமான டயர் அங்கேதான் தன் காசைத் திருப்பித் தருகிறது. டியூப்லெஸ்ஸில் சின்ன முள் பஞ்சர்கள் தெரியாமலே அடைந்துவிடுகின்றன. ஓட்டையை அடைக்க டயருக்குள் ஊற்றும் திரவமான சீலன்ட் சில மாதங்களில் காய்ந்துபோகும், மறந்துவிட்டால் பயன் இல்லை. கூடவே ஒரு டியூப், கைப்பம்ப் எப்போதும் உண்டு. ஊர்களுக்கு நடுவே தூரம் அதிகம், உதவி என்று யாரும் வரமாட்டார்கள்.

டிஸ்க் பிரேக் தேவையா என்ற பழைய சண்டைக்குள் போகவில்லை. ஈரத்தில் ரிம் பிரேக் முதலில் தண்ணீரைத் துடைத்துவிட்டுத்தான் பிடிக்கும், அந்த ஒரு நொடி குருட்டு வளைவில் நீளமானது. டிஸ்க்கில் அது இல்லை. பேடு தேய்மானம்தான் தலைவலி. சேறு கலந்த மழைக்காலத்தில் ரெசின் பேடு கண்ணெதிரே கரையும். உராயும் பகுதி அரை மில்லிமீட்டருக்கு இறங்குமுன் மாற்றிவிட வேண்டும். மெட்டல் பேடு நீடிக்கும், ஆனால் ஈரத்தில் ஊரைக் கூட்டும்.

காற்றைச் சொல்லாமல் ஏரிச் சாலை இல்லை. தண்ணீரின் மேல் காற்றைத் தடுக்க மரமோ வீடோ கிடையாது, கரையில் நேராக முகத்தில் அறையும். பெரிய ஏரி என்றால், வெயில் ஏறியபின் நிலம் தண்ணீரைவிட வேகமாகச் சூடாவதால் ஏரியிலிருந்து கரைக்குக் காற்று கிளம்பும். நீண்ட ஏரியைச் சுற்றுவதாக இருந்தால் எதிர்காற்றுக் கரையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். இடதுபுறம் ஓட்டும் நாடுகளில் இன்னொன்று: கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றினால் ஏரி எப்போதும் நம் பக்கமே இருக்கும், நின்று பார்க்கச் சாலையைக் கடக்க வேண்டியதில்லை. வலதுபுறம் ஓட்டும் இடங்களில் இதைத் திருப்பிப் போட்டுக்கொள்ளவும்.

விடியற்காலையில் குளிர்காற்று பள்ளங்களில் தேங்கி நிற்கும். வியர்க்க வியர்க்க மேடேறி, அதற்குள் இறங்கும்போது பல் கிட்டிப்போகும். மடித்துப் பையில் வைக்கிற மெல்லிய காற்றுத்தடுப்பு ஜாக்கெட் இல்லாமல் நான் கிளம்புவதில்லை. மூடுபனிக்கும் மேட்டுக்குப் பின்னால் மறைந்து வரும் கார்களுக்கும் பகலிலேயே பின்விளக்கு எரிகிறது. கண்ணாடி, வெயிலுக்கு அல்ல, ஏரியோரத்துப் பூச்சிகளுக்கு.

எடை பற்றிக் கேட்பவர்களுக்கு: வண்டியில் 1 கிலோ குறைத்தால், மேலே சொன்ன 10 சதவீத ஏற்றத்தில் எட்டு நிமிடத்துக்கு ஆறு வினாடி போல மிச்சமாகும். அந்த ஒரு கிலோவின் விலையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நான் இரண்டாவது தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போகிறவன்.

குறைகள். மட்கார்டு மாட்டச் சட்டத்தில் துளை இல்லை, ஈரச் சாலையில் முதுகில் ஒரு சேற்றுக் கோடு நிச்சயம். மிதிக்கும் இடத்தில் அவ்வப்போது கீச்சொலி, பாட்டம் பிராக்கெட்டை (மிதியின் அச்சு சுழலும் பகுதி) கழற்றி கிரீஸ் போட்டால் சில மாதம் அமைதி. வண்டியோடு வந்த சீட் நீண்ட ஓட்டத்துக்கு ஆகவில்லை, மாற்றினேன். அப்புறம், வரைபடத்தில் காட்டும் மொத்த ஏற்றத்தை நம்பாதீர்கள். உயரத் தரவின் கட்டங்கள் பெரிதாக இருந்தால் குட்டி மேடுகள் அதில் விழாமல் போய்விடும். காற்றழுத்த உயரமானி உள்ள மீட்டர் காட்டும் எண் பல நாள் அதைவிட அதிகமாகவே இருக்கிறது, கால் சொல்வதும் அதையேதான்.

நாள் முழுக்க மலையேறுபவருக்கு இந்த அமைப்பு கொஞ்சம் கனம், சமவெளியில் கூட்டமாக வேகம் ஓட்டுபவருக்கு கியர்களுக்கிடையே இடைவெளி அதிகம். ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும் சாலைகளுக்கு இதே சட்டத்தைத்தான் மறுபடி வாங்குவேன், மட்கார்டுத் துளை இருந்தால். முன்னால் ஒற்றைச் செயின்ரிங் போடலாமே என்று ஒரு நண்பர் விடாமல் சொல்கிறார். பற்களுக்கிடையே இன்னும் பெரிய இடைவெளியைப் பொறுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. இந்த கேசட் தேயும்போது யோசிக்கலாம்.