கோல்ஃப் கிரீன் ஓரத்து ரூல்களுக்கு மட்டும் ஒரு அரை நாள் வகுப்பு

கோல்ஃப் போட்டியில் என் பந்து கிரீனுக்கு (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) வெளியே, நாலு விரற்கடை தள்ளிக் கிடந்தது. அதற்கும் குழிக்கும் நடுவில் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளரின் மூடி. அசையாத தடையிலிருந்து பந்தை நகர்த்த அபராதம் கிடையாது என்று மனசில் பதிந்திருந்ததால், பந்தை எடுத்துப் பக்கத்தில் டிராப் செய்து (கையிலிருந்து விழவிட்டு) குழியை நோக்கி உருட்டி அடித்தேன். ஸ்கோர் கார்டு கொடுக்கப் போனபோதுதான் சொன்னார்கள், தவறான இடத்திலிருந்து ஆடியதற்கு இரண்டு ஸ்ட்ரோக் (அடி) அபராதம் என்று. பன்னிரண்டு வருஷம் ஆடியும் இது தெரியாமல் இருந்தது எனக்குப் பெரிய வருத்தம். அதற்காகவே இந்த வகுப்பில் சேர்ந்தேன்.

மூன்று மணி நேரம், ஆறே பேர். ஸ்கிரீன், ஸ்லைடு எதுவும் கிடையாது. எல்லாம் பயிற்சி கிரீன் ஓரத்தில் நின்றபடியே. நடத்திய அம்மா போட்டிகளில் ரெஃப்ரியாக இருந்தவர். முதல் வேலையாக, பந்தை கிரீனின் விளிம்பைத் தொட்டாற்போல வைத்து, குழி வரை ஒரு நூலை இழுத்துக் கட்டினார். நூல் ஸ்பிரிங்க்ளர் மூடியின் மேலே போனது. "இப்போ பந்து கிரீன்ல இருக்கு. துளி பட்டாலும் கிரீன்தான். கோட்டுல மூடி இருக்கறதால நகர்த்தலாம். ஆனா டிராப் கிடையாது, வைக்கணும்." பிறகு பந்தை இரண்டு விரற்கடை பின்னால் தள்ளினார். நூலும் மூடியும் அப்படியே இருந்தன. "இப்போ கிடையாது. மூடி உங்க பந்தையோ, நிக்கற இடத்தையோ, வீச்சையோ தடுத்தாத்தான் உண்டு." நான் கோட்டை விட்ட இடம் அந்த இரண்டு விரற்கடைக்குள் இருந்தது.

இதற்கு ஒரு விலக்கும் உண்டு. போட்டி நடத்தும் கமிட்டி லோக்கல் ரூல் (அந்த மைதானத்துக்கான தனி விதி) போட்டிருந்தால், கிரீனிலிருந்து இரண்டு கிளப் (அடிக்கும் மட்டை) நீளத்துக்குள்ளும் பந்திலிருந்து இரண்டு கிளப் நீளத்துக்குள்ளும் இருக்கும் மூடி கோட்டில் வந்தாலே பந்தை நகர்த்தலாம். ஆடத் தொடங்கும் முன் லோக்கல் ரூல் தாளைப் படிக்காத பழக்கம் எங்கள் ஆறு பேருக்குமே இருந்தது.

ஜி.யு.ஆர். (கிரவுண்ட் அண்டர் ரிப்பேர், அதாவது பழுதுபார்ப்பில் இருக்கும் தரை) பகுதிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. வெள்ளைக் கோடு போட்ட ஒரு திட்டில் பந்தை வைத்து, முழுசாக விலகி நிற்கக்கூடிய மிக அருகான இடத்தை எங்களையே கண்டுபிடிக்கச் சொன்னார். நான் புல் நன்றாக இருந்த பக்கம் போய் நின்றேன். "அது நல்ல இடம், கிட்ட இருக்கற இடம் இல்ல" என்றார். அடிக்கப்போகும் கிளப்பைப் பிடித்து நின்று பார்த்தால், சரியான இடம் அடர்ந்த புதர்ப் பக்கம் இருந்தது. அங்கிருந்து நீளமான கிளப்பான டிரைவரால் ஒரு கிளப் நீளம் அளந்து, குழிக்கு நெருங்காமல், முழங்கால் உயரத்திலிருந்து போட வேண்டும். அளக்க பட்டர் (கிரீனில் உருட்டி அடிக்கும் கிளப்) செல்லாது. முதலில் இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் பந்தைத் தொட வேண்டும் என்பதை அங்கேயே ஆளுக்கு இரண்டு முறை செய்ய வைத்தார். எடுத்த பிறகு மனம் மாறி பழைய இடத்திலேயே வைத்தால் ஒரு ஸ்ட்ரோக் போய்விடும்.

மைதானப் பணியாளர் தோண்டிய குழி, குறி போடாவிட்டாலும் ஜி.யு.ஆர்.தான். அள்ளிக்கொண்டு போகக் குவித்த புல்லும் அப்படியே. காற்றோட்டத்துக்காகத் துளைத்த ஓட்டைகள் மட்டும் அதில் சேராது. இது எனக்குப் புதுசு.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். கையில் கொடுத்த தாள் பழசு. தடைகளுக்கு 24, ஜி.யு.ஆருக்கு 25 என்று 2019க்கு முந்தைய ரூல் எண்கள். இப்போது நகர்த்தக்கூடிய தடைகளுக்கு 15, அசையாத தடைகளுக்கும் ஜி.யு.ஆருக்கும் 16. டிராப்பையும் தோள் உயரம் என்றே அச்சடித்திருந்தார்கள். அந்த அம்மா வாயால் திருத்திச் சொன்னார், ஆனால் தாளை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோகிறவர் தப்பாகத்தான் படிப்பார். பங்கருக்குள் (மணல் பள்ளம்) தேங்கிய தண்ணீர் பத்தே நிமிஷத்தில் முடிந்தது. பங்கருக்குள்ளேயே போட்டால் அபராதம் இல்லை, வெளியே கொண்டுவந்தால் ஒரு ஸ்ட்ரோக் என்பதோடு சரி. செய்து காட்டவில்லை.

புதிதாக கிளப் பிடிப்பவர்களுக்கு இந்த வகுப்பு கொஞ்சம் கனம். ஒரு வருஷமாவது ஆடிவிட்டு, போட்டியில் கார்டு கொடுக்கிறவர்கள் கட்டாயம் போகலாம். அடுத்த முறை பங்கருக்குத் தனியாக அரை மணி ஒதுக்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தாளையும் மாற்றினால் நான் மறுபடி போவேன்.