எம்எம் 540-ஆ, ஜிப்சியா? பழைய ஃபோர் வீல் டிரைவ் வாங்குபவர்களுக்கு

வில்லிஸ் ஜீப்பின் வாரிசு ஒன்று, சுசுகியின் வாரிசு மற்றொன்று. மகிந்திரா 1947-இல் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கியது. அந்த வழியில் வந்த சேஸில் பெஜோவின் 2,112 சிசி டீசல் எஞ்சினை ஏற்றிய வண்டிதான் எம்எம் 540. மாருதியின் ஜிப்சி 1985 டிசம்பரில் வந்தது. சுசுகி எஸ்ஜே 410-இன் நீள வீல்பேஸ் வடிவம் அது. முதலில் 970 சிசி, நான்கு கியர். 1996-இல் 1.3 லிட்டர் 'கிங்', 2000-இல் எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் வழியே பெட்ரோல் செலுத்தும் முறை). ராணுவமும் இதைப் பெருமளவில் பயன்படுத்தியது. 2019-இல் பொதுமக்களுக்கான விற்பனை நின்றது.

குதிரைத்திறனை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். எம்பிஎஃப்ஐ ஜிப்சிக்கு 80, பெஜோ டீசலுக்கு 62. ஆனால் டீசலின் முழு இழுவிசை 2,000 ஆர்பிஎம்மிலேயே கிடைத்துவிடும். ஜிப்சிக்கு அது 4,500-இல்தான் வரும். பாறை ஏற்றத்தில் இதன் விளைவு உடனே தெரியும். எம்எம் 540 ஜீப்பை லோ கியரில் போட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமலே ஊர்ந்து ஏற்றலாம். ஜிப்சிக்காரர் அதே இடத்தில் ரேஸ் கொடுத்து, கிளட்சைப் பாதி மிதித்தபடி ஏற்றப் பார்ப்பார். கருகிய வாசனை வந்தால் கிளட்ச் பிளேட்டுக்கு ஆயுள் குறைகிறது என்று பொருள்.

சேற்றிலும் மணலிலும் கதை மாறுகிறது. ஜிப்சி சுமார் ஒரு டன் எடைதான். ஜீப் புதையும் இடத்தில் இது மேலாக ஓடிவிடும். மாட்டினாலும் நான்கு பேர் தள்ளி எடுத்துவிடலாம். ரேலிக்காரர்கள் இதை விடாமல் வைத்திருந்ததற்கு இந்த எடையே பெரிய காரணம். சுமை ஏற்றி எஸ்டேட் பாதையில் தினமும் ஓட்ட வேண்டுமென்றால் ஜீப்தான். நெடுஞ்சாலை ஓட்டமும் சேர்த்து வேண்டுமென்றால் ஜிப்சி. சொகுசைப் பற்றிப் பேச்சே வேண்டாம்: இரண்டிலும் முன்னும் பின்னும் லீஃப் ஸ்பிரிங், முதுகுதான் பதில் சொல்லும்.

முன், பின் அச்சுகளை வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் சென்டர் டிஃபரன்ஷியல் இரண்டிலும் கிடையாது. காய்ந்த தார்ச் சாலையில் ஃபோர் வீலில் திருப்பினால் வண்டி இறுகி முரண்டுபிடிக்கும், அச்சிலுள்ள கிரவுன் பினியன் பற்சக்கரங்களுக்கும் ஜாயிண்டுகளுக்கும் கேடு. நான்கு டயரும் ஒரே அளவாக இருப்பதும் இதே காரணத்துக்காகத்தான் முக்கியம்.

ஜிப்சி பார்க்கப் போனால் முன் அச்சிலிருந்து தொடங்குங்கள். குழியில் இறங்கி ஏறியதும் ஸ்டியரிங் கைக்கு அடங்காமல் ஆடுகிறதா? பல மெக்கானிக்குகள் வீல் பேலன்சிங் என்று சொல்லிக் காசு வாங்கிவிடுவார்கள். ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பிளே (தளர்வான ஆட்டம்) இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின் (ஸ்டியரிங் திருப்பும்போது சக்கரம் திரும்பும் அச்சு) பேரிங். அதை மாற்றும்போது ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) கணக்கைச் சரிபார்க்காமல் பூட்டினால் சில மாதத்தில் அதே ஆட்டம் திரும்பிவிடும். முன் சக்கரத்தின் உட்புற உருண்டையில் கிரீஸ் நீர்த்து ஒழுகினால் ஆக்சில் சீல் போய், டிஃபரன்ஷியல் ஆயில் கலந்திருக்கிறது. எஞ்சின் சக்தியை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்பர் கேஸைத் தாங்கும் ரப்பர் மவுண்டுகள் அமுங்கியிருந்தால் வண்டி முழுக்க அதிர்வு வரும். தரைத் தகட்டில் துரு இருக்கிறதா என்று மேட் நீக்கிப் பாருங்கள். ஜிப்சியில் டிங்கர் வேலைதான் எஞ்சின் வேலையைவிடச் செலவு வைக்கும்.

எம்எம் 540-இல் எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்ய வேண்டும். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் காலையில் வருவதாகச் சொல்லிவிடுங்கள். தொடக்கத்தில் வெள்ளைப் புகை வந்து நின்றால் குளிர்ந்த எஞ்சினைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் போயிருக்கலாம், அது சின்னச் செலவு. சூடான பிறகும் வெள்ளைப் புகை, ரேடியேட்டரில் குமிழி, தண்ணீர் மட்டம் இறக்கம் என்றால் சிலிண்டர் ஹெட்டுக்கு அடியிலுள்ள ஹெட் கேஸ்கட் போயிருக்கும். கியர்பாக்ஸ், டிரான்ஸ்பர் கேஸ் இரண்டின் ஆயில் அளவையும் பாருங்கள். ஒன்றில் நிரம்பி வழிந்து மற்றொன்றில் குறைந்திருந்தால் நடுவிலுள்ள சீல் போய்விட்டது.

எந்த வண்டியானாலும் சேஸில் பொறித்த எண்ணையும் எஞ்சின் எண்ணையும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிடாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். ராணுவ ஏலத்தில் எடுத்த வண்டிகளிலும், எஞ்சின் மாற்றிய ஜீப்புகளிலும் இது கட்டாயம். எஞ்சின் மாற்றம் ஆர்.சி.யில் ஏறவில்லை என்றால் எஃப்.சி. நாளில்தான் உண்மை விலை தெரியும்.