மூன்று பாகங்களையும் நினைவில் வைத்திருந்த டி.டி.பி. கடை

செங்கோட்டையில் இருக்கும் ஒரு டி.டி.பி. கடையில் (கணினியில் தட்டச்சும் பக்க அமைப்பும் செய்து தரும் கடை) என்னுடைய இளையோர் நாவல் தொடரின் மூன்று பாகங்களையும் வடிவமைத்து அச்சிட்டு வாங்கியிருக்கிறேன். முதல் பாகத்தின் கையெழுத்துப் பிரதியை அங்கே கொடுத்த நாளுக்கும் மூன்றாம் பாகத்தின் கட்டுகளை ஆட்டோவில் ஏற்றிய நாளுக்கும் இடையே நான்கு ஆண்டுகள் ஓடிவிட்டன. ஒரே ஒரு கவிதைத் தொகுப்பு போட்டுக்கொள்ள வருகிறவருக்கு அந்தக் கடை எப்படி என்று என்னால் சொல்ல இயலாது. தொடர் எழுதுகிறவர்களுக்கு, அதிலும் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்காக எழுதுகிறவர்களுக்கு, அது எப்படி என்பதை மட்டுமே சொல்ல முடியும். குறைகளையும் எழுதப்போவதால் பெயரைத் தவிர்த்துவிட்டேன்.

வெளியே பார்த்தால் ஜெராக்ஸ், திருமண அழைப்பிதழ், ரப்பர் ஸ்டாம்ப் என்று பலகை போட்ட சாதாரணக் கடைதான். உள்ளே இரண்டு கணினிகள், பழைய அழைப்பிதழ் மாதிரிகள் அடுக்கிய ஒரு மர அலமாரி, எப்போதும் ஈரமாகவே இருக்கும் ஒரு சுவர். உரிமையாளரான அண்ணாச்சி இளமையில் ஈய எழுத்து கோத்தவர். பக்க அமைப்பு செய்கிற பெண்ணின் தாய்வீடு புனலூர்ப் பக்கம் என்பதால் அவளுக்கு மலையாளமும் வீட்டுப் பேச்சு. முன்னோட்டப் பிரதிகளைத் திருநெல்வேலியில் டிஜிட்டல் அச்சிலும், இறுதிப் பிரதிகளைச் சிவகாசியில் ஆஃப்செட்டிலும் அவர்களே போட்டு வாங்கித் தந்துவிடுகிறார்கள். வடிவமைப்புக்குப் பக்கத்துக்கு 40 ரூபாய் வாங்கினார்கள். மூன்றாம் பாகம் வரை அந்தத் தொகையைக் கூட்டவில்லை.

என் கதை 1955-இல் தொடங்குகிறது. செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்றுதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ரயில் பாதையில் கேங்மேனாக வேலை பார்ப்பவரின் பதின்மூன்று வயது மகள் கௌரியும், மலைக்கு அந்தப் பக்கம், இன்று கேரளத்தில் உள்ள ஆரியங்காவில் இருக்கும் அவளுடைய தோழியும், இருவருக்கும் நடுவே ஓர் எல்லைக்கோடு வந்து விழுவதை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதுதான் மூன்று பாகங்களிலும் ஓடுகிற நூல். பாகத்துக்கு ஒரு வயதாக அவள் வளர்கிறாள். முதல் பாகம் படித்த பிள்ளையும் அதே வேகத்தில் வளர்ந்துகொண்டிருக்கும் என்ற எண்ணத்தில் வாக்கியங்களையும் மெல்ல நீளமாக்கிக்கொண்டு போனேன். இந்த ஏற்பாட்டில் எழுத்தாளருக்கு முதல் எதிரி மறதிதான். முதல் பாகத்தில் கௌரியின் வீட்டுக் கிணறு எந்தப் பக்கம், அவள் தம்பிக்கு எந்தக் கையில் தழும்பு, தோழியின் அம்மா அவளை எப்படிக் கூப்பிடுவாள் என்பதெல்லாம் இரண்டு ஆண்டுகள் கழித்து எனக்கே நினைவிருக்கவில்லை. ஆனால் பதினான்கு வயது வாசகருக்கு அத்தனையும் நினைவிருக்கும், ஏனென்றால் அந்தப் பிள்ளை புத்தகத்தை நான்கு முறை படித்திருக்கும்.

இந்த இடத்தில்தான் அந்தக் கடை மற்றக் கடைகளிலிருந்து வேறுபடுகிறது. பக்க அமைப்பு செய்த பெண் நான் சொல்லாமலேயே ஒரு நாற்பது பக்க நோட்டில் என் பாத்திரங்களின் பெயர்கள், வயது, உறவுமுறை, ஊர்ப்பெயர்களின் எழுத்துக்கூட்டல் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தாள். முதல் பாகத்தின் இரண்டாவது மெய்ப்பை (பிழை பார்ப்பதற்கான அச்சுப் படியை) என் கையில் கொடுக்கும்போது, “டீச்சர், ரயிலு செங்கோட்டைலருந்துதான போவுது? அப்பொ எடப்பாளையம் வந்த பொறவுதான கழுத்துருட்டி வரணும்? நீங்க மாத்தி எழுதியிருக்கீங்க” என்றாள். அவள் சொன்னதுதான் சரி. பகவதிபுரம், ஆரியங்காவு, எடப்பாளையம், கழுத்துருட்டி, தென்மலை என்று அந்தப் பாதையில் எத்தனையோ முறை போயிருந்தும், கழுத்துருட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் பதின்மூன்று கண் ரயில் பாலத்தைச் சீக்கிரம் காட்டிவிட வேண்டும் என்ற அவசரத்தில் ஒரு நிலையத்தைத் தாண்டிக் குதித்திருக்கிறேன். 1904-இல் போட்ட அந்த மீட்டர் கேஜ் பாதை இன்று இல்லை. அகலப் பாதையாக 2018-இல்தான் முழுவதும் திறந்தார்கள். ஆனால் நிலையங்களின் வரிசை மாறிவிடவில்லை, அந்த வழியில் பள்ளிக்குப் போகும் பிள்ளை அதைப் பிடித்துவிடும்.

அவள் நோட்டில் பிடிபட்ட இன்னொன்று எனக்கு இப்போதும் கூச்சத்தைத் தருவது. மூன்றாம் பாகத்தில், 1957 ஏப்ரல் 1 அன்று நயா பைசா புழக்கத்துக்கு வந்ததும் கடைத்தெருவில் உண்டான குழப்பத்தை ஓர் அத்தியாயமாக எழுதியிருந்தேன். பதினாறு அணா ஒரு ரூபாயாக இருந்தது நூறு பைசா ஆகிவிட, ஓரணாவுக்கு ஆறு பைசாவா ஏழு பைசாவா என்று கௌரி கடைக்காரரோடு சண்டை பிடிப்பாள். நானே ரசித்து எழுதிய அத்தியாயம் அது. அதைப் பக்கமாக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்து, “போன பாகத்துலயே இருபத்தஞ்சு பைசாவுக்கு வளையல் வாங்கிட்டாளே டீச்சர்” என்றாள். இரண்டாம் பாகம் அதற்குள் அச்சாகி வெளியே போயிருந்தது. 1956-இல் நடக்கும் கதையில் நாலணா என்று வந்திருக்க வேண்டிய இடம் அது. மறு அச்சுக்கான திருத்தமாக நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைத்தாள். அதற்குப் பிறகு மூன்றாம் பாகத்தின் அளவுகளையெல்லாம், மைல், படி, அணா என்று தேடித் தேடிப் பார்த்தோம்.

தட்டச்சைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். முதல் பாகத்தில் பாதியை நான் ஏற்கெனவே வேறொரு ஊரில் பழைய எழுத்துருவில் அடித்து வைத்திருந்தேன். அது ஒருங்குறி (யூனிகோட்) வருவதற்கு முந்தைய முறை; பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க அமைப்பு மென்பொருள் காலத்துப் பழக்கம் இன்னும் பல அச்சகங்களில் விடவில்லை. அதை ஒருங்குறிக்கு மாற்றியபோது என் நாயகியே இரண்டாகிவிட்டாள். ‘கௌரி’ என்பதில் வரும் ஔகாரக் குறியை ஒற்றைக் குறியாக அடிக்கலாம். ஒற்றைக்கொம்பையும் ‘ள’ என்ற எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தும் அடிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றேபோல் தெரியும், கணினிக்கு அவை இரண்டு வேறு சொற்கள். தேடச் சொன்னால் பாதிக் கௌரிகள்தான் வருவார்கள். துணைக்காலுக்குப் பதிலாக ‘ர’ போட்டு அடித்த இடங்களும் அப்படியே. இதை எனக்குப் பொறுமையாக விளக்கி, முதலில் ஒரு முறை எல்லா ஔகாரங்களையும் சீராக்கிவிட்டுப் பிறகுதான் பக்கம் அமைக்கவே தொடங்கினாள். மூன்றாம் பாகத்துக்கு நானே தமிழ்99 விசைப்பலகை பழகி நேரடியாக ஒருங்குறியில் அடித்துக் கொடுத்தேன். அறுபதை நெருங்கும் வயதில் அது அத்தனை கடினமாக இல்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

மலையாள உரையாடல்கள் எனக்குத் தீராத தலைவலியாக இருந்தன. தமிழ் எழுத்தில் மலையாளம் எழுதும்போது நம்மில் பலர் எல்லா வாக்கியத்துக்கும் மலையாளத்தில் அடிக்கடி காதில் விழும் ஓர் ‘ஆணு’வை ஒட்டிவிட்டுத் திருப்தியடைந்துவிடுகிறோம். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான். தோழியின் அம்மா, எங்கே போகிறாய் என்பதை, “எவிடெ போகுன்னு?” என்று கேட்பதாக எழுதியிருந்தேன். அந்தப் பெண் அதை வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டு, தன் அம்மாவாக இருந்தால் “எவிடெப் போவா?” என்றுதான் கேட்பாள், நான் எழுதியது பாடப்புத்தகம் பேசுவதுபோல் இருக்கிறது என்றாள். சென்னையில் எவ்வளவு பெரிய பதிப்பகத்துக்குப் போயிருந்தாலும் இந்த ஒரு வரி எனக்குக் கிடைத்திருக்காது. எல்லையோர ஊரில் கடை வைத்திருப்பதன் பயன் இது. அவர்களோ இதற்குக் கட்டணம் எதுவும் போடவில்லை.

இரண்டாம் பாகம் வடிவமைத்து முடித்தபோது 211 பக்கம் வந்தது. ஆஃப்செட் அச்சில் பதினாறு பக்கம் ஒரு ஃபாரம் என்பதால், பதின்மூன்று ஃபாரத்துக்கு மேல் மூன்று பக்கம் வழிந்து நின்றது. “மூணு பக்கம் கொறைச்சீங்கன்னா ஒரு ஃபாரம் மிச்சம், டீச்சர்” என்றார் அண்ணாச்சி. மனமில்லாமல் குற்றாலத்துச் சாரலைப் பற்றிய என் வருணனையை எடுத்தேன். எடுத்த பிறகு படித்தால் கதை அந்த இடத்தில் ஓடத் தொடங்கியிருந்தது. இலக்கிய விமர்சகர்கள் பத்துப் பக்கக் கட்டுரையில் சொல்வதைச் சில வேளைகளில் காகிதக் கணக்கு ஒரு வரியில் சொல்லிவிடுகிறது.

இந்தக் கடையின் யோசனைகளில் எனக்கு மிகவும் உதவியது முன்னோட்டப் பிரதி. இறுதி அச்சுக்கு முன் இருபது பிரதிகளை டிஜிட்டலில் போட்டு, ஓரத்தில் நான்கு சென்டிமீட்டர் வெற்றிடம் விட்டு, பிள்ளைகளிடம் கொடுத்து எழுதச் சொல்லலாம் என்றாள் அந்தப் பெண். ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருபது பேருக்குக் கொடுத்தேன். பெரும்பாலானோர் எழுத்துப்பிழைகளைச் சுழித்திருந்தார்கள். சிலர் பூ வரைந்திருந்தார்கள். ஒரே ஒரு பிரதியில், கௌரியின் தாத்தா நேர்மையைப் பற்றிப் பேசும் பத்திக்குப் பக்கத்தில் பென்சிலால், “இந்த இடத்தில் தாத்தா பேசவில்லை, டீச்சர் பேசுகிறார்” என்று இருந்தது. முப்பது ஆண்டு வகுப்பறையில் நின்ற பழக்கம் அந்தப் பத்தியில் கையில் பிரம்போடு நின்றிருப்பதை நான் அப்போதுதான் பார்த்தேன். அந்தப் பத்தி போனது. அதைப் போன்ற இன்னும் பதினொரு பத்திகளும் போயின. இரண்டாம், மூன்றாம் பாகங்களை எழுதும்போது அந்தப் பென்சில் வரியை மேசைக்கு மேல் ஒட்டி வைத்துக்கொண்டேன். இளையோருக்கு எழுத வருகிற ஆசிரியர்கள் வேறு எதற்குச் செலவழிக்காவிட்டாலும் இந்த இருபது பிரதிகளுக்குச் செலவழிக்க வேண்டும்.

எழுத்தின் அளவும் தாளும் நன்று. 12.5 புள்ளி எழுத்தும் தாராளமான வரி இடைவெளியும் முதல் பாகத்திலேயே முடிவு செய்து, அந்த அமைப்பைச் சேமித்து வைத்து, மூன்று பாகங்களுக்கும் ஒரேபோல் பயன்படுத்தினார்கள். 80 ஜி.எஸ்.எம். நேச்சுரல் ஷேட் தாள் கண்ணை உறுத்துவதில்லை. புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கு மத்திய அரசின் முகமையில் கட்டணம் கிடையாது என்பதையும், ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி எண் வேண்டும் என்பதையும் சொல்லி விண்ணப்பத்தையும் அவர்களே போட்டுக் கொடுத்தார்கள்.

இனி குறைகள். சொன்ன தேதியில் எதுவும் வந்ததில்லை. வைகாசியிலும் ஆவணியிலும் அழைப்பிதழ் வேலை குவிந்துவிட்டால் உங்கள் நாவல் மேசைக்கு அடியில் போய்விடும். இரண்டாம் பாகம் இப்படி மூன்று மாதம் கிடந்தது. அட்டை வடிவமைப்பை அவர்களிடம் விடவே கூடாது. இணையத்தில் கிடைக்கும் மலை, ரயில், சூரியோதயம் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேலே தங்க நிறத்தில் தலைப்பு எழுதி, அழைப்பிதழ்போல் ஆக்கிவிடுகிறார்கள். முதல் பாகத்துக்குப் பிறகு நான் ஓர் ஓவியரிடம் தனியே வரைந்து வாங்கிக் கொடுத்தேன்.

அட்டை சுருள்வது இன்னொரு தொல்லை. முதல் பாகம் ஆடி மாதச் சாரலில் வந்து இறங்கியது. ஒருபுறம் மட்டும் லேமினேஷன் போட்ட அட்டையில், உட்புறத் தாள் காற்றின் ஈரத்தைக் குடித்து விரிகிறது. லேமினேஷன் போட்ட வெளிப்புறம் விரிவதில்லை. ஆகவே அட்டை வெளிப்பக்கமாக வளைந்து, புத்தகம் கொட்டாவி விடுவதுபோல் மேசையில் கிடக்கும். கனமான அட்டை கேட்டு வாங்கினால் ஓரளவு குறைகிறது. இதை அவர்கள் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். சாரல் அந்த ஊருக்குப் புதிதல்ல. வெறும் பசையில் ஒட்டுவதோடு விடாமல் ஃபாரங்களைத் தைத்து ஒட்டச் சொல்லுங்கள் என்பதும் என் அனுபவம். நூலகத்துக்குக் கொடுத்த முதல் பாகம் பிள்ளைகளின் கையில் ஆறே மாதத்தில் தாள் தாளாக உதிர்ந்தது. தைத்த மூன்றாம் பாகம் இன்னும் கட்டுக்குலையாமல் இருக்கிறது.

கடைசியாக முதுகு. தொடரின் மூன்று பாகங்களையும் அலமாரியில் அடுத்தடுத்து நிறுத்தினால் முதுகில் தலைப்புகள் ஒரே உயரத்தில், ஒரே திசையில் வர வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். எல்லாவற்றையும் நினைவில் வைத்திருந்த அந்தக் கடை இதை மட்டும் மறந்துவிட்டது. முதல் இரண்டின் தலைப்பும் மேலிருந்து கீழாக ஓட, மூன்றாவது கீழிருந்து மேலாக ஏறுகிறது. அண்ணாச்சியிடம் காட்டியபோது சிறிது நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, அடுத்த பதிப்பில் சரி செய்து தருவதாகச் சொன்னார். அந்தப் பெண் அதையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில், வளையலுக்குக் கீழே, குறித்துக்கொண்டாள். அதுவரை என் வீட்டு அலமாரியில் மூன்றாம் பாகத்தைத் தலைகீழாக வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் எல்லோரும் அதை எடுத்து நேராக்கி வைத்துவிட்டுப் போகிறார்கள்.