வேனின் டீசல் வடிகட்டியைக் கழுவிய கராஜ்: ஒரு பாவனையாளரின் மதிப்பீடு

கண்டி வீதியோரம், நாலாம் கட்டைக்குக் கிட்ட உள்ள சிறிய கராஜ் ஒன்றில் என் டீசல் வேனின் புகை வடிகட்டியை, எல்லோரும் டி.பி.எஃப் என்று சொல்லும் அந்தப் பாகத்தை, கழற்றிக் கழுவித் திரும்பப் பூட்டுவித்து நான்கு மாதங்களாகின்றன. வேலைக்கு மூன்று நாட்களும் 38,500 ரூபாவும் சென்றன. இதே கோளாறோடு திருகோணமலையில் இன்னும் பல வாகனங்கள் ஓடுகின்றன. அவற்றின் சொந்தக்காரர்களுக்கு முதலில் காட்டப்படுவது பிழையான வழியாகவே இருக்கிறது. ஆகவே நடந்ததை விபரமாக எழுதுகிறேன். கராஜின் பெயரைக் குறிப்பிடவில்லை. ஒரு பாஸும் (மூத்த மெக்கானிக்) இரண்டு பையன்களும் மட்டுமே வேலை செய்கிற இடம் அது. கிழமைக்கு இரண்டு வாகனங்களுக்கு மேல் பொறுப்பெடுக்க இயலாது என்பதால் பெயரைப் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார்.

என் வேனின் ஓட்டம் பெரிதல்ல. காலையில் உப்புவெளியிலிருந்து பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி நகருக்குள் இறக்கிவிட்டுப் பகல் முழுவதும் நிறுத்திவைப்பேன். பிற்பகலில் அதே பிள்ளைகளைத் திரும்ப ஏற்றுவேன். சனி, ஞாயிறில் நிலாவெளிக்கோ கன்னியா வெந்நீரூற்றுக்கோ ஹயர் கிடைத்தால் உண்டு. பள்ளி ஓட்டம் ஒரு தடவைக்கு ஐந்தாறு கிலோமீற்றர்தான். குறைவாக ஓடுகிற வாகனத்துக்கு என்ன கெடுதி வரப்போகிறது என்று நான் நினைத்திருந்தது பிழை. தேன்கூடு போன்ற நுண்ணிய அறைகளைக் கொண்ட பீங்கான் உருளையே இந்த வடிகட்டி. இயந்திரம் தள்ளும் புகைக்கரி அதற்குள் தங்கிக்கொள்ளும். நீண்ட தூரம் ஒரே வேகத்தில் ஓடும்போது உள்வெப்பம் ஏறத்தாழ 600 பாகைக்கு உயர்ந்து அந்தக் கரியை எரித்து வாயுவாக வெளியேற்றும். ஐந்து கிலோமீற்றரில் இயந்திரத்தை நிறுத்திவிட்டால் எரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது. அப்படி இரண்டு வருடங்கள் ஓட்டிய பின்னர் ஒரு நாள் காலை எச்சரிக்கை விளக்கு எரிந்தது. மறுநாள் வேன் 60 இற்கு மேல் எழும்ப மறுத்தது.

முதலில் போனது நகருக்குள் பெயர் பெற்ற வேறொரு கராஜுக்கு. ஐந்து நிமிடம் கணினியைச் சொருகிப் பார்த்துவிட்டு அங்கிருந்தவர் சொன்னார்: "அண்ணை, உள்ளுக்கு இருக்கிறதை உடைச்சு எடுத்துப்போட்டு கொம்பியூட்டரில ஓஃப் பண்ணி விடுவம். லைட்டும் வராது, புகை டெஸ்டும் பாஸ். இருபத்தையாயிரம் தாங்கோ, பின்னேரம் வந்து வேனை எடுங்கோ."

பிள்ளைகளை வேறு வேனில் ஏற்றிவிட்டு வந்து நின்ற எனக்கு அது ஆறுதலாகவே இருந்தது, சம்மதிக்கவும் இருந்தேன். ஆனால் பள்ளி வாசலில் பிள்ளைகள் இறங்கி வேனின் பின்பக்கமாகச் சுற்றித்தான் படலைக்குப் போவார்கள். நான் இயந்திரத்தை நிறுத்தாமல் நிற்பேன். சைலன்சர் குழாயின் வாய் அவர்களின் முழங்கால் உயரத்தில் இருக்கிறது. முதலாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டினால் முகம் அந்தக் குழாய்க்கு நேரே வரும். அதை நினைத்ததும், யோசித்துச் சொல்கிறேன் என்று கூறிவிட்டு வேனை மெதுவாக உருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வடிகட்டி வேனில் இல்லாதபோதும், எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று வாகனத்தின் கணினியைச் சொல்லவைப்பதுதான் அவர் முன்வைத்த திருத்தம். இதற்கு மிகவும் நெருங்கிய ஒன்றையே வொக்ஸ்வாகன் நிறுவனம் செய்து அகப்பட்டது. 2015 செப்டெம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் அதனை வெளிப்படுத்தியது. ஸ்டியரிங் இருக்கும் நிலை, வேகம், இயந்திரம் ஓடிய நேரம், வளியமுக்கம் ஆகியவற்றைக் கொண்டு, தான் பரிசோதனை மேடையில் நிற்கிறேனா வீதியில் ஓடுகிறேனா என்பதை அந்தக் கார்களின் மென்பொருள் அறிந்துகொண்டது. மேடையில் நிற்கும்போது மட்டும் மாசுக்கட்டுப்பாட்டை முழுமையாக இயக்கியது. வீதிக்கு இறங்கியதும் நைதரசன் ஒட்சைட்டுகள் என்ற நச்சு வாயுக்கள் சட்ட எல்லையின் 40 மடங்கு வரை வெளியேறின. மேற்கு வெர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தின் ஒரு சிறிய குழு, அளவுக் கருவிகளைக் காரின் பின்புறத்தில் ஏற்றிக்கொண்டு உண்மையான வீதிகளில் ஓட்டிப் பார்த்ததாலேயே இந்த வித்தியாசம் வெளிப்பட்டது. உலகம் முழுவதும் ஏறக்குறைய 1 கோடியே 10 இலட்சம் வாகனங்களில் அந்த மென்பொருள் இருந்தது. வெளிப்பட்ட சில நாட்களிலேயே தலைமை நிர்வாகி மார்ட்டின் வின்டர்கோர்ன் பதவி விலகினார்.

அந்தக் கார்களின் உரிமையாளர்கள் எதற்காகக் கோபப்பட்டார்கள் என்பதை, என் வடிகட்டி அடைத்த பின்னரே நான் சரியாக விளங்கிக்கொண்டேன். 'சுத்தமான டீசல்' என்ற விளம்பரத்தை நம்பி, சுற்றாடலுக்கு நல்லது என்றெண்ணி வாங்கியவர்கள் அவர்களில் பலர். அமெரிக்காவில் நிறுவனம் முதலில் 500 டொலர் அட்டையையும், முகவர் நிலையத்தில் செலவழிக்க மேலும் 500 டொலரையும் நல்லெண்ணமாகக் கொடுத்தது. 2016 இல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட தீர்வின்படி, ஏறக்குறைய 4,75,000 கார்களின் உரிமையாளர்கள் காரைத் திருப்பி விற்கலாம் அல்லது அங்கீகரிக்கப்பட்ட திருத்தத்தைச் செய்துகொள்ளலாம் என்றாயிற்று. எதைத் தெரிவு செய்தாலும் மேலதிக நட்டஈடும் உண்டு. பெரும்பாலானோர் திருப்பி விற்றார்கள். மூடப்பட்ட விளையாட்டரங்கின் வாகனத் தரிப்பிடத்திலும் பாலைவன விமான நிலையத்திலும் அந்தக் கார்கள் வரிசையாக நின்றன.

ஐரோப்பாவில் 85 இலட்சம் கார்களுக்கு அப்படியான திருப்பி வாங்கல் கிடைக்கவில்லை. திருத்தம் மட்டுமே கிடைத்தது. இரண்டு லீற்றர் இயந்திரத்துக்கு அரை மணி நேர மென்பொருள் மாற்றம், 1.6 லீற்றருக்கு அதனுடன், வளி உள்ளே வரும் குழாயில் வலை பொருத்திய ஒரு சிறிய பிளாஸ்ரிக் துண்டு. அரை மணி நேரத்தில் திருத்த முடிந்ததை முதலிலேயே ஏன் செய்யவில்லை என்று கேட்டார்கள். திருத்திய பின்னர் இழுவை குறைந்தது, ஈ.ஜி.ஆர் எனும் புகைத் திருப்பல் வால்வு பழுதானது, வடிகட்டி அடிக்கடி எரிப்பில் இறங்குகிறது என்று முறைப்பாடுகள் எழுந்தன. நிறுவனம் அவற்றை ஏற்கவில்லை. ஆயினும் பின்னர், திருத்தத்தின் பின் குறிப்பிட்ட பாகங்கள் கெட்டால் 24 மாதங்களுக்குத் தானே கவனிப்பதாக அறிவித்தது. அவர்களின் பயம் காரணமற்றதல்ல. புகையின் ஒரு பகுதியை ஈ.ஜி.ஆர் வால்வு திரும்ப இயந்திரத்துக்குள் அனுப்பினால் எரிவெப்பம் தணிந்து நைதரசன் ஒட்சைட்டு குறைகிறது. அதே வேளையில் புகைக்கரி கூடுகிறது. கூடும் கரி போய்ச் சேருவது வால்விலும் வடிகட்டியிலும்தான். ஒன்றை இறுக்கினால் மற்றொன்றில் பாரம் ஏறும் என்ற இந்தக் கணக்கை அவர்களுக்கு எண்களோடு யாராவது காட்டியிருந்தால் சந்தேகத்தில் பாதி தீர்ந்திருக்கும் என்பது என் எண்ணம். ஜேர்மனியின் உச்ச சிவில் நீதிமன்றம் 2020 மே 25 அன்று, ஓர் உரிமையாளர் காரைத் திருப்பிக் கொடுத்து, ஓடிய தூரத்துக்கான பெறுமதியைக் கழித்து மிகுதிப் பணத்தைப் பெறலாம் என்று தீர்ப்பளித்தது. ஐந்து வருடம் ஓடித்தான் அந்த நியாயம் கிடைத்தது.

நம் நாட்டில் வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க வருடந்தோறும் புகைப் பரிசோதனை செய்கிறோம். டீசல் வாகனத்தை நிறுத்திவைத்து, சைலன்சரில் கருவியைச் செருகி, அக்சிலரேட்டரைச் சடுதியாக மிதித்து, வரும் புகை எவ்வளவு கறுப்பு என்று அளக்கிறார்கள். நைதரசன் ஒட்சைட்டு அங்கே அளக்கப்படுவதில்லை. வடிகட்டியே இல்லாமல் தயாரான பழைய வேன்களும் அதில் சித்தியடைவதால், சித்தியடைந்த சான்றிதழ் வடிகட்டி உள்ளே இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி ஆகாது. "டெஸ்ட் பாஸ்" என்று முதல் கராஜில் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். அந்த உண்மையைக் காட்டி என்னைத் தேற்றியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இரண்டாவது கராஜுக்கு ஒரு பழைய லொறிச் சாரதி வழிகாட்டினார். இந்தப் பாஸ் கணினியைச் சொருகியதும் விளக்கை அணைக்கவில்லை. ஒரு கொப்பியை எடுத்தார். இயந்திரம் சூடாகி, வேன் நின்ற இடத்திலேயே இயங்கிக்கொண்டிருந்தபோது வடிகட்டியின் முன்னுக்கும் பின்னுக்கும் இடையிலான அமுக்க வித்தியாசம் 5.1 கிலோபஸ்கால் என்று எழுதி, என்னைத் திரையைப் பார்க்கச் செய்து, பக்கத்தில் கையெழுத்தும் வாங்கினார். அதன் பின்னர் வடிகட்டியைத் தொடாமல் இன்ஜெக்டர்களைச் சோதித்தார், ஈ.ஜி.ஆர் வால்வைக் கழற்றினார். வால்வின் வாயில் தார் போலக் கரி பிடித்து, இரண்டு விரல் நுழையும் துவாரம் ஒரு விரலுக்குச் சுருங்கியிருந்தது. "இதை விட்டிட்டு வடிகட்டியை மட்டும் கழுவினா ஆறு மாசத்தில திரும்ப வருவீங்கள்" என்றார்.

மறுநாள் வடிகட்டியைக் கழற்றி, மரக்கறிக் கடைக்காரர்கள் பாவிக்கும் டிஜிற்றல் தராசில் வைத்தார்: 7.240 கிலோ. இரவு முழுவதும் திரவத்தில் ஊறவிட்டு, காலையில் குறைந்த அமுக்கத் தண்ணீரைப் பின்பக்கமிருந்து முன்பக்கமாக விட்டார். முதலில் மை போலக் கறுத்த தண்ணீர் வந்தது. அரை மணி நேரத்தில் அது சாம்பல் நிறமாகி, பிறகு தெளிந்தது. கறுப்புக் கரி எரிந்துபோகக்கூடியது, இந்தச் சாம்பல் எஞ்சின் ஒயிலில் இருந்து வருவது, எத்தனை கிலோமீற்றர் வேகமாக ஓட்டினாலும் எரியாது என்று அந்த நிறமாற்றத்தைக் காட்டியே விளக்கினார். நான் இரண்டு வருடமாகச் சாதாரண ஒயில் ஊற்றிக்கொண்டிருந்தேன். வடிகட்டி உள்ள ஜப்பானிய வேனுக்குச் சாம்பல் குறைந்த டி.எல்-1 வகை ஒயில் வேண்டும் என்பது அன்றுதான் தெரியவந்தது. சேர்விஸ் செய்தவர்கள் யாரும் அதைச் சொல்லவில்லை. உலர்த்திய பின்னர் எடை 7.105 கிலோ. ஒரு பிடி கரியும் சாம்பலும், 135 கிராம். அதுதான் வேனை 60 இல் நிறுத்தியது. திரும்பப் பூட்டிக் கணினி மூலம் ஒரு எரிப்பை நடத்தி முடித்ததும் அமுக்க வித்தியாசம் 0.7 ஆக இருந்தது. அதையும் கொப்பியில் எழுதி, பிரதியைப் பற்றுச்சீட்டோடு தந்தார்.

குறைகளும் இருக்கின்றன. இரண்டு நாள் என்று சொன்ன வேலை மூன்றாம் நாள் இருட்டிய பிறகே முடிந்தது. மூன்று நாளும் பிள்ளைகளுக்கு வேறு வேன் பிடித்த செலவு என்னுடையது. பழைய கஸ்கற்றையே திரும்பப் போட்டதால் ஒரு கிழமையில் புகை கசிந்தது. மறுபடி போனபோது புதியதைத் தன் செலவில் மாற்றித் தந்தாலும், அது முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. அமுக்க சென்சரின் கம்பி முனையில் உப்புக் காற்றில் பச்சை பூத்திருந்ததை நான்தான் காட்ட வேண்டியிருந்தது. கடற்கரை ஊரில் வேலை செய்பவர் அதை முதலில் பார்த்திருக்க வேண்டும். வங்கி அட்டை ஏற்பதில்லை. கழுவிய கரித் தண்ணீரை ஒரு பீப்பாயில் சேர்த்து வைத்திருந்தார். அது பின்னர் எங்கே போகிறது என்ற கேள்விக்கு எனக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை.

இத்தனைக்குப் பிறகும் நான் அங்கேயே போவேன். முதல் கராஜ் கேட்டதைவிட 13,500 ரூபா கூடுதலாகக் கொடுத்தேன். என்ன வாங்கினேன் என்பது இரண்டு எண்களாக என் கையில் இருக்கிறது. யாராவது இந்த வேலையைச் செய்விக்கப் போனால், எந்தக் கராஜாக இருந்தாலும், கழற்றுவதற்கு முன் அமுக்க அளவை எழுதித் தரச் சொல்லுங்கள், எடையைப் பார்க்கக் கேளுங்கள், பூட்டுவதற்கு முன் வடிகட்டியை நேரில் பாருங்கள். தர மறுத்தால் வேனைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். உயர் அமுக்கத் தண்ணீர்த் துப்பாக்கியால் கழுவுகிறோம் என்று சொன்னால் சம்மதிக்க வேண்டாம், உள்ளறைகள் உடைந்துவிடும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில், ஹயர் இல்லாவிட்டாலும், கந்தளாய் வரை ஒரே வேகத்தில் ஓட்டித் திரும்புகிறேன். பள்ளி வாசலில் இயந்திரத்தை நிறுத்திவிடுகிறேன். போன கிழமை, கழுவிய பின் ஓடிய 4,600 கிலோமீற்றரில் திரும்ப அளந்து பார்த்தபோது 0.9 காட்டியது, வழமையான ஏற்றம்தான் என்றார் பாஸ். அடுத்த அளவீட்டுக்கு 10,000 இல் வரச் சொல்லியிருக்கிறார். அதற்குக் காசு வேண்டாமாம். காலை எட்டு மணிக்கு முன்னர் வந்துவிட வேண்டுமாம்.